முகாம் முடிந்த மறுநாள்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இரண்டு வகையான அழைப்புகள் வருகின்றன. முதல் வகை முழங்கால் வலி. தெருக்காரர்கள், சம்பந்தி வீட்டார், நான் வாடிக்கையாகப் போகும் பிரியாணிக் கடை முதலாளி என்று எல்லோருக்கும் முழங்கால் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஓய்வே கிடையாது என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டாவது வகை, என்னிடம் வேலை பழகிய பிசியோதெரபிஸ்ட்டுகளான உங்களிடமிருந்து வருவது. "சார், ஒரு தீவுல கூப்பிடறாங்க, ரெண்டு வாரம்தான், போகலாமா?" "சார், காட்டுக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி, தன்னார்வலரா வரச் சொல்றாங்க, போய்ட்டு வரட்டுமா?"

இரண்டாவது வகைக்கு நான் போனில் பதில் சொல்வதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவேன். சென்ற மாதம் உங்களில் ஒருவர் என்னை வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் போய்ட்டு வந்துட்டீங்க, எங்கள மட்டும் யோசிக்கச் சொல்றீங்க" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. ஷேர் ஆட்டோ இரைச்சலில் பதில் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் தயாளன். ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் கைகளுக்கான சிகிச்சைப் பிரிவில் பணி செய்தேன். தோல் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கிற ஊரில் கைகளுக்கு என்ன குறை? இயந்திரம் கடித்த கை, கத்தி இறங்கிய கை, ரசாயனம் பட்ட கை. எங்கள் அறுவை மருத்துவர் அவற்றைத் தைத்து அனுப்புவார். கை அறுவையில் இந்தப் பக்கத்தில் அவருக்கு இணையாக ஒருவரை நான் பார்த்ததில்லை. பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி என்பார்கள் வார்டில். தையல் முடிந்த பிறகு அந்தக் கை எங்களிடம் வரும். அதை மறுபடி மடங்கவும் நீளவும் வைப்பது எங்கள் வேலை. அதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

ஒரு முறை மழைக்காலம் ஓய்ந்த சமயத்தில் மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். ஒடிசாவின் தெற்கே மலைக்காட்டில் ஒரு சிறிய மருத்துவமனை. ஒரே ஒரு டாக்டர், மலேரியாவுக்கும் பிரசவத்துக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லாதவர். அங்கே வீட்டின் நடுவில்தான் அடுப்பு. குளிருக்கு அதைச் சுற்றித் தூங்குவார்கள். தவழும் குழந்தைகள் நெருப்பில் கைவைத்துவிடும். வலிப்பு வருபவர்கள் அதிலேயே விழுந்துவிடுவார்கள். வெந்த கை கவனிப்பில்லாமல் ஆறும்போது விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி மூடிக்கொள்ளும். பத்து நாள் முகாம் போட்டு அந்தக் கைகளைத் திறந்து தோல் ஒட்டிவிட்டு வரலாம் என்பது திட்டம். "நீயும் வர்றியா?" என்றார்.

அந்த நிமிடமே சரி என்றேன். எனக்கும் ஆசைதான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. அத்தனை வருடம் ஒரே நெடுஞ்சாலையின் ஒரே பக்கத்தில் வேலை செய்தவன். கொசுவலை வாங்கினேன். மலேரியா மாத்திரை வாங்கினேன். ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு ரஹமத் வந்து சேர்ந்தார்.

ரஹமத் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். வலது கையில் கத்தி, இடது கையில் தோல். அடிபடுவது எப்போதும் இடது கைதான். கத்தி சறுக்கி இடது கையில் இறங்கி, இரண்டு விரல்களை மடக்கும் தசைநாண்களை அறுத்துவிட்டது. ஜனங்கள் அதை நரம்பு என்பார்கள். எங்கள் மருத்துவர் அவற்றைத் தேடிப்பிடித்துத் தைத்தார். அப்படித் தைத்த விரலின் முதல் சில வாரங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் அதிகமாக அசைத்தால் அறுந்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய வழியில் தினமும் ஒருவர் கூட நடந்து போக வேண்டும். அப்போது பிரிவில் நானும் ஹேமாவும் மட்டும்தான். ஹேமா பிரசவ விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வர இன்னும் இரண்டரை வாரம் இருந்தது.

சிகிச்சை மேஜையில் ரஹமத் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சார், வெள்ளிக்கெழம காட்டுக்குப் போறீங்களாமே. வார்டுல பேசிக்கிறாங்க."

"ஆமா ரஹமத் பாய்."

"நல்ல விஷயம் சார். நான் துவா பண்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். "என் கைய யாருகிட்ட குடுத்துட்டுப் போறீங்க?"

அவர் குறையாகக் கேட்கவில்லை. வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பாரே, அப்படிக் கேட்டார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. பயிற்சிகளை உங்களுக்கே சொல்லித் தருகிறேன், படம் வரைந்து தருகிறேன், தினமும் போன் செய்கிறேன் என்றேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நான் அப்பால் திரும்பி ஒரு துணியை எடுத்தேன்.

"இப்படித்தானே சார்?"

திரும்பிப் பார்த்தால் விரல்களைத் தானே இறுக்கி மடக்கிக்கொண்டிருக்கிறார். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். நல்லவேளை, தையல் அறவில்லை. அவர் பயந்துபோய், "தப்பா பண்ணிட்டேனா சார்?" என்றார். அவர்மீது தப்பில்லை. கை தன்னுடையது, ஆசைப்பட்டு மடக்கினார். ஆறு அடி தூரத்தில் நான் இருக்கும்போதே இப்படி என்றால், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் போனில் நான் என்ன பார்க்க முடியும்?

அன்று மத்தியானம் மருத்துவரின் அறைக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் வெள்ளிக்கெழம வரல."

"இன்னா ஆச்சு? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ரஹமத் கைக்கு ஆள் இல்ல சார்."

டம்ளரைக் கீழே வைத்தார். "அங்க எத்தன கை காத்துட்டிருக்குன்னு தெரியுமா? ஒருத்தன் கைக்காக அத்தனையும் விடறியா? அதுவும் இடது கைதானே?"

"இது நாம தொட்டுட்ட கை சார். அதுங்கள நாம இன்னும் தொடல."

"தத்துவம் பேசாத தயாளா."

எனக்கும் கொஞ்சம் கோபம் வந்தது. "சரி சார், நான் வர்றேன்னே வெச்சுக்குங்க. பத்து நாள்ல நீங்க கிளம்புவீங்க. உங்ககூட நானும் கிளம்பிடுவேன். நீங்க தெறந்துவிட்ட கைங்கள அப்புறம் யாரு பாப்பாங்க?"

"நர்ஸ் இருக்காங்க. சொல்லிக் குடுத்துட்டு வா."

"ரஹமத்துக்கும்தான் சொல்லிக் குடுத்தேன். அஞ்சு நிமிஷத்துல அத்துக்கப் பாத்தாரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே அது முழுதாக உறைத்தது. அதுவரை நான் முகாமைப் பற்றி நினைத்ததெல்லாம் போய் இறங்குவது பற்றித்தான். காடு, ஜீப், காத்திருக்கும் கூட்டம். நாங்கள் கிளம்பிய மறுநாள் அந்த வார்டு எப்படி இருக்கும் என்று ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. வெந்த கையைத் திறந்து தோல் ஒட்டினால் மட்டும் போதாது. கட்டும், விரலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட்டும் போட்டு நீட்டி வைக்காவிட்டால் அது சில மாதங்களில் பழையபடி மூடிக்கொள்ளும், சில சமயம் முன்பைவிட மோசமாக. பத்து நாள் முகாமில் மருத்துவருக்கு வேலை இருக்கிறது. எனக்கு அனேகமாக ஒன்றுமே இல்லை. என் வேலை தொடங்குவதே முகாம் முடிந்த பிறகுதான்.

"நீங்க போங்க சார்" என்றேன். "நீங்க கிளம்புற நாள்ல நான் அங்க வந்து எறங்குறேன். அதுக்குள்ள ஹேமா வந்துடுவா. ஒரு மாசமோ ஒன்றரை மாசமோ, அந்தக் கைங்க தேறி வீட்டுக்குப் போற வரைக்கும் இருக்கேன்."

"டீம்னா ஒண்ணாப் போகணும். ஒண்ணா வரணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுஞ்சாலையில் லாரிகள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னமோ பண்ணு" என்றார்.

அவரிடமிருந்து அதற்கு மேல் அனுமதி யாருக்கும் கிடைத்ததில்லை.

வீட்டில் என் மனைவி சரோஜா இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "பத்து நாளுன்னு சொன்னீங்க. இப்போ இன்னா ஒன்றரை மாசம்?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். "அப்போ மொதல்ல சொன்னது சும்மா பாத்துட்டு வர்றதுக்கா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "கம்பளி எடுத்துக்கோங்க, மலைன்னா குளிரும்" என்றாள்.

குழு வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனது. ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். பெட்டிகளை ஏற்றிவிட்டேன். மருத்துவர் என்னிடம் பேசவில்லை. ரயில் போன பிறகு காலி பிளாட்பாரத்தில் நின்றபோது மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது என்பதையும் எழுதிவிடுகிறேன். எல்லோரும் போகும்போது நிற்பது லேசான காரியமில்லை.

அந்த இரண்டு வாரமும் ரஹமத்தின் விரல்களோடு இருந்தேன். காலையும் சாயங்காலமும் வருவார். ஹேமா வேலைக்குத் திரும்பிய நாளில் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். ஹேமா என் கண் முன்னால் அந்தக் கையை அசைத்துக் காட்டினார். ரஹமத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்த பிறகுதான் அவருடைய தோள் தளர்ந்தது. அன்று இரவு ரயில் ஏறினேன்.

ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஜீப். மலை ஏறும் பாதையில் ஒரு டீக்கடையில் எதிரே இறங்கி வந்த எங்கள் குழுவின் ஜீப்பைச் சந்தித்தேன். எல்லோரும் கறுத்து, இளைத்து, சந்தோஷமாக இருந்தார்கள். மருத்துவர் இறங்கி வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கையாகச் சொன்னார். யாருக்கு எந்த விரல், எங்கே தோல் எடுத்தோம், எங்கே சந்தேகம். அவருடைய குரலில் கோபம் இல்லை.

"சுக்ரின்னு ஒரு பொண்ணு இருக்கா" என்றார். "வலது கை. பொறந்த குழந்த மாதிரி பொத்தி வெச்சிருந்தா. இப்போ அஞ்சு விரலும் வெளிய வந்துடுச்சு. விரல நீட்டி வெக்க உள்ள கம்பி இருக்கு. அவளப் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன் சார்."

"நீ சொன்னத நான் யோசிச்சேன்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் எழுந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அந்த மருத்துவமனையின் வார்டு நீளமான ஒரு ஓட்டுக் கட்டடம். வெளியே சாலமரங்கள். பகலில் வியர்வை ஊற்றும், பொழுது சாய்ந்தால் குளிர் கடிக்கும். உள்ளே பெரியவர்களும் குழந்தைகளுமாக எல்லோரும் கட்டுப்போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். வார்டுக்குப் பொறுப்பு மினாதி என்ற நர்ஸ். அவர் பேசிய இந்தியை ஆம்பூர் நோயாளிகளிடம் நான் கற்ற உருதுவை வைத்துப் பிடித்துக்கொண்டேன். என் உருதுவைக் கேட்டு அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். ஆனாலும் வேலை நடந்தது. மலைமக்களின் மொழி எனக்குத் தெரியாது. அதற்கு அவர்தான் என் நாக்கு.

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. கொண்டுபோன ஸ்ப்ளிண்ட் பொருள் தீர்ந்ததும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டோம். குழந்தைகள் அதைத் தரையில் தட்டித் தாளம் போட்டார்கள்.

பிறகு அறுவடை வந்தது.

ஒரு வாரச் சந்தை நாள் காலையில் சுக்ரியின் கணவன் வந்து வார்டு வாசலில் நின்றான். சுக்ரிக்கு இருபது வயதுக்குமேல் இருக்கும். இடுப்பில் பால்குடிக் குழந்தை. வீட்டில் இன்னொன்று. அவள் மூட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டாள். சந்தை முடிந்து அவர்கள் ஊர்ப்பக்கம் போகும் ஜீப் மத்தியானம் கிளம்பும். அதை விட்டால் அடுத்த சந்தை வரை வண்டி கிடையாது. அவள் விரல்களில் கம்பி அப்படியே இருந்தது. ஒட்டிய தோலின் ஓரம் இன்னும் பச்சைப் புண்ணாக இருந்தது.

மினாதி சத்தம் போட்டார். சுக்ரி காதில் வாங்கவில்லை. மினாதி என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"இப்ப போனா கை அழுகிடும், முழங்கையோட வெட்டணும்னு சொல்லுங்க" என்றார். "நான் அவ பாஷையில சொல்றேன். பயந்துக்கிட்டு இருந்துடுவா."

அப்படிச் சொல்வது நமக்குப் புதிதில்லை. ஆம்பூரிலும் நாம் சொல்லியிருக்கிறோம். வார்டைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் வயல் இருந்தது. நான் சொல்லப்போவது ஒருத்திக்கு மட்டும் சொல்வதாக இருக்காது. பயத்தில் இங்கே இருந்துவிட்டவர்கள், நாளைக்குச் சொல் கேளாமல் போன ஒருவன் கை அழுகாமல் நடமாடுவதைப் பார்த்தால், அதன்பின் மினாதி சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். நான் போய்விடுவேன். மினாதி அங்கேயே இருக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில்தான் போனில் சிக்னல் கிடைக்கும். ஏறிப்போய் மருத்துவரை அழைத்தேன்.

"அனுப்பாத" என்றார். "எப்படியாவது நிறுத்து."

"எப்படியாவதுன்னா எப்படி சார்?"

"கெட்டியா மாவுக்கட்டு போட்டு அனுப்பலாம். கம்பி அசையாம இருக்கும். ஆனா ரெண்டு வாரத்துக்குள்ள கம்பி எடுத்தாகணும். வருவாளா?" என்றார்.

"தெரியல சார்."

"பக்கத்துல இருக்கறவன் நீ. பாத்து முடிவு பண்ணு."

இறங்கி வந்தேன். சுக்ரியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மினாதியிடம் நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லச் சொன்னேன். "நீ போனா சாக மாட்ட. கையும் அழுகாது. ஆனா வேலை செஞ்சா, தண்ணி பட்டா, இந்தக் கை பழையபடி மூடிக்கும். இன்னொரு தரம் தெறக்க டாக்டர் வருவாரான்னு எனக்குத் தெரியாது."

அவள் என்னையே பார்த்தாள். பதில் சொன்னது கணவன். மினாதி அதைத் தயங்கித்தான் சொன்னார். "கை இல்லாம இத்தன வருஷம் இருந்தா. நெல்லு இல்லாம ஒரு வருஷம் இருக்க முடியுமான்னு கேக்கறான்."

அவன் திமிராகக் கேட்கவில்லை. மாவுக்கட்டு போட்டேன், முழங்கைக்கு மேல் வரை, அவளே பிரிக்க முடியாதபடி கெட்டியாக. அடுத்த சந்தைக்கு அடுத்த சந்தையில் வந்துவிட வேண்டும் என்றேன். கணவன் குழந்தையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். ஜீப் போனது.

"வர மாட்டா" என்றார் மினாதி. அன்று முழுக்க அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் விடிந்தபோது இன்னும் இரண்டு கட்டில்கள் காலி. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். ஒருவர் வயதானவர். மற்றவன் கல்யாணமாகாத இளைஞன், வலது கையில் அறுவை செய்துகொண்டவன். சுக்ரியை நான் அனுப்பியதைப் பார்த்துத்தான் போனார்கள், அதில் சந்தேகமில்லை. நான் எடுத்த முடிவின் விலை அது. அதை யாரும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. கட்டில்கள் சொல்லின.

சந்தை வந்தது. போயிற்று. அடுத்த சந்தையும் வந்தது. மத்தியானம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுக்ரி வரவில்லை. மறுநாள் மினாதியும் நானும் ஜீப் பிடித்து, பாதை முடிந்த இடத்திலிருந்து நடந்துபோவது என்று பேசி வைத்தோம். மினாதி இரண்டு ரொட்டியும் பிளாஸ்கும் எடுத்து வைத்திருந்தார். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சாலமரங்களுக்கு நடுவில் அவர்கள் வருவது தெரிந்தது. ஜீப் கிடைக்காமல் முதல் நாளே கிளம்பி நடந்து வந்திருக்கிறார்கள். குழந்தை கணவனின் தோளில். சுக்ரி மாவுக்கட்டை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். அவர்களுக்குப் பின்னால், ஓடிப்போன அந்த வயதானவர்.

மினாதி ஓடினார். திட்டிக்கொண்டே ஓடினார். பக்கத்தில் போனதும் சுக்ரியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

கட்டைப் பிரித்தோம். நாற்றமும் வைக்கோலும். சுண்டுவிரல் பக்கம் கட்டு உடைந்திருந்தது. அந்தக் கம்பி நழுவிப் போய், சுண்டுவிரல் மறுபடி உள்ளே மடங்கியிருந்தது. மற்ற நான்கும் நாங்கள் வைத்தபடியே இருந்தன. அங்கிருந்த டாக்டர் கம்பிகளை எடுத்தார். சுக்ரி தன் நான்கு விரல்களையும் வெகுநேரம் பார்த்தாள். சுண்டுவிரலைக் காட்டி என்னவோ கேட்டாள்.

"அது இனிமே இப்படித்தானான்னு கேக்கறா" என்றார் மினாதி.

"ஆமா" என்றேன்.

அவள் தோளை ஒருமுறை குலுக்கினாள். நெல் வந்தாயிற்று என்றாள்.

அந்த இளைஞன் திரும்பி வரவே இல்லை. ஆள் அனுப்பினோம். வேலை தேடி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான் என்று சொன்னார்கள். அவன் கை இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுக்ரியை அன்று பயமுறுத்தி நிறுத்தியிருந்தால் அவனும் நின்றிருப்பானா? இருக்கலாம். அந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன், விடை ஒரே மாதிரி வருவதில்லை.

சுக்ரி தாமதமாக வந்ததால் என் விடுப்புக்குள் அவள் கை தயாராகாது என்பது தெரிந்துபோயிற்று. மறுபடி தொட்டி மேட்டில் ஏறி ஹேமாவை அழைத்தேன். ரஹமத் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "பக்கத்துலதான் இருக்காரு, நீங்களே கேளுங்க" என்று போனை அவரிடம் கொடுத்தார்.

"சார், ஒரு விரல் நல்லா மடங்குது. இன்னொண்ணுதான் பேஜார் பண்ணுது, பாதியில நின்னுக்குது" என்றார். "மேடம் விடாம பண்றாங்க. கம்பெனியில வேற டேபிள்ல வேலை குடுக்கறோம்னு சொல்லிட்டாங்க. நீங்க அங்க எல்லாத்தையும் முடிச்சுட்டு வாங்க. பாதியில வந்துடாதீங்க."

சரோஜாவையும் அழைத்தேன். "கம்பளி இருக்குதில்ல?" என்று மட்டும் கேட்டாள். விடுப்பை நீட்டித்தேன்.

உங்களிடம் நான் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் உடனே மாட்டேன் என்று சொல்லாதீர்கள். உடனே வருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். இங்கே நீங்கள் தொட்டு வைத்திருக்கும் கை எது, அதை யார் கையில் கொடுக்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். அங்கே நீங்கள் கிளம்பும் நாளில் என்ன பாதியில் நிற்கும் என்று கூப்பிடுகிறவர்களிடம் கேளுங்கள். அதற்கு அவர்களிடம் பதில் இருந்தால் போங்கள். பதில் இல்லாவிட்டால், அந்தப் பதிலாக நீங்கள் போக முடியுமா என்று யோசியுங்கள். இரண்டு வாரத்தில் முடிகிற வேலைகளும் உண்டு. சொல்லிக்கொடுக்கப் போகலாம், ஓய்வே இல்லாத ஒரு டாக்டருக்கு ஓய்வு கொடுக்கப் போகலாம். எங்கள் வேலை அப்படிப்பட்டதில்லை, அவ்வளவுதான். நான் செய்ததுதான் சரி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. முழுக்கச் சரியாக வந்தது எதுவும் இதில் இல்லை, நீங்களே பார்த்தீர்கள்.

அதன்பின் வார்டு ஒவ்வொரு கட்டிலாகக் காலியானது. குழந்தைகள் முதலில் போனார்கள். ஸ்ப்ளிண்ட்டைக் கழற்றி மாட்டத் தாய்மார்கள் பழகிய பிறகுதான் அனுப்பினோம். வயதானவர் போனார். யார் எந்தச் சந்தைக்கு மினாதியிடம் வந்து கையைக் காட்ட வேண்டும் என்பது ஊர் ஊராகச் சொல்லி வைத்தாயிற்று. கடைசியில் சுக்ரி மட்டும் இருந்தாள். ஒரு காலையில் அவள் குழந்தையை முதுகில் வைத்து, துணியை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு நழுவியது. யாரையும் கூப்பிடாமல் மறுபடி போட்டாள். இழுத்துப் பார்த்துக்கொண்டாள். மினாதியிடம் சொல்லிக்கொண்டு, என் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, கணவனுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

மறுநாள் நான் கிளம்பினேன். மினாதிக்குப் பிரசவ அறையில் வேலை இருந்தது, கதவு வழியாகக் கையை மட்டும் ஆட்டினார். டாக்டர் ஒரு காய்ச்சல்காரக் குழந்தையோடு இருந்தார். பையை எடுத்துக்கொண்டு வார்டைக் கடந்தேன். எல்லாக் கட்டில்களும் காலி. யாரோ தரையைக் கழுவிவிட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். வழியனுப்ப ஒருவரும் இல்லை. என் பணிக்காலத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் எந்த இடத்தைவிட்டும் கிளம்பியதில்லை.